ஆபரேஷன் கேஸ், நஷ்டஈடு: வக்கீல் அண்ணாச்சி பதில்கள்

மேலப்பாளையம் தங்கச்சி: அண்ணாச்சி, அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்ல குடல்ல ஓட்டை விழுந்துட்டு. கேஸ் ஷீட் தரமாட்டேங்காங்க.

பதில்: எழுதிக் கேட்டியாம்மா? வாயால கேட்டா சாட்சி கிடையாது. அம்மா கையெழுத்துல ஒரு மனு எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பு, ரசீதைப் பத்திரமா வை. கேட்ட 72 மணி நேரத்துல தரணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு. இழுத்தடிச்சா அதையும் நுகர்வோர் கமிஷன்ல சொல்லலாம். ஆனா ஒண்ணு. குடல்ல ஓட்டை அந்த ஆபரேஷன்ல அபூர்வமா நேரக்கூடியதுதான். அது மட்டுமே அலட்சியம் ஆகாது. காய்ச்சலும் வயித்து உப்புசமும் வந்தபிறகு எத்தனை நாள் சும்மா விட்டாங்க? கேஸ் அதுலதான் நிக்கும். நர்ஸம்மா எழுதின சார்ட்ல மணி போட்டிருக்கும், அதை விட்டுராத.

வள்ளியூர் தம்பி: ஆபரேஷன் நடந்தது சென்னையில. 80 லட்சம் கேக்கணும். அங்க போய் அலையணுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீ குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம். கேக்கிற தொகை கணக்கில்ல. கட்டின பில் 50 லட்சத்துக்குள்ளன்னா மாவட்டக் கமிஷன்தான். பில் 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமும் இல்ல. 2 வருஷக் கெடு, மறந்துராத.

அம்பை அக்கா: அரசு ஆஸ்பத்திரின்னா?

பதில்: எல்லாருக்கும் இலவசம்னா நுகர்வோர் கமிஷன் கிடையாது, 1995 சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. சிவில் கோர்ட், இல்லேன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளையில ரிட் மனு.

பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர்: கோடிக்கணக்குல கேட்டா சிக்கலான நோயாளியை யார் தொடுவா? அமெரிக்கா மாதிரி உச்சவரம்பு வேணும் சார்.

பதில்: உங்க பயம் நியாயம்தான் டாக்டர், மருந்துதான் தப்பு. கலிபோர்னியா 1975-ல போட்ட 2,50,000 டாலர் வரம்பு, வலி வேதனைக்குரிய தொகைக்கு மட்டும். சம்பள இழப்புக்கு வரம்பே இல்ல. அந்த 2,50,000-ஐயே 2023-லதான் கூட்டினாங்க. அதை இங்க கொண்டாந்தா யாருக்கு வெட்டு? பெரிய சம்பளக்காரர் குடும்பம் வருமானக் கணக்குல வாங்கிக்கிடும். முக்கூடல்ல பீடி சுத்துற பொம்பளைக்கு வருமானக் கணக்கு எவ்வளவு வந்துரும்? அவளுக்குப் பெருசா கிடைக்கக்கூடியதே வேதனைக்கான தொகைதான், அதுல கத்திரி போடச் சொல்லுதீங்க. போலீஸ் கேஸ்தான் பயம்னா 2005 ஜேக்கப் மாத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு: வேற டாக்டர்கிட்ட கருத்து வாங்காம போலீஸ் உங்க மேல நடவடிக்கை எடுக்கக்கூடாது. நஷ்டஈடுதான் பயம்னா, முதல்ல அதுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?

களக்காடு மாமா: ஆஸ்பத்திரியில ஒரு லட்சம் தந்து கையெழுத்துக் கேக்காங்க.

பதில்: 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க. தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. பேனாவைத் தொடாதீங்க.