ஏற்காடு எஸ்டேட் புல்லட்டுக்கு ஐந்து லட்சம் போடலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வயது 56, விருப்ப ஓய்வு வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் 12 லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்கிறது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஷெட்டில் கிடந்ததாகச் சொல்லி 1956 புல்லட் 350 ஒன்று ஏலத்துக்கு வருகிறது. ‘முழு ஒரிஜினல், மேட்சிங் நம்பர்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆரம்ப விலை 4.5 லட்சம். ஏலம் நடத்துபவர்களுக்கு வாங்குபவர் கட்டணம் 10 சதவீதம். படத்தில் வண்டி பளபளவென்று இருக்கிறது. கார்புரேட்டர் மட்டும் மிக்கார்ப் என்கிறார் என் மெக்கானிக். ஐந்து வருடம் வைத்திருந்து விற்றால் லாபம் வருமா, சார்? அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறலாம் என்றும் ஆசை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: ஷெட்டில் கிடந்த வண்டி பளபளக்கிறது என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். சேர்வராயன் மலையின் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவில் வருடக்கணக்காகக் கிடந்த வண்டியில் குரோமியம் புள்ளி புள்ளியாக உரிந்திருக்கும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது இல்லையென்றால் யாரோ பெயின்ட் அடித்து, முலாம் போட்டு, பாலிஷ் பண்ணியிருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டிக்குப் பெயர் ‘ரெஸ்டோர் செய்தது’. ‘முழு ஒரிஜினல்’ என்றால் பாக்டரியில் அடித்த பெயின்ட், மங்கியிருந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கூடுதல் விலை கொடுப்பது அந்த மங்கலுக்குத்தான். பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் புதிதாக அடிக்கலாம், பழையதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்தது அந்த 1956. என்ஃபீல்டு இந்தியா 1955-ல் தொடங்கியது. 1956-ல் திருவொற்றியூர் தொழிற்சாலையில், இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் வண்டி செய்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் வெளியே வந்தவை மொத்தம் 163. எல்லா பாகமும் இங்கேயே தயாரானது 1962 வாக்கில். அதாவது உங்களுக்குக் காட்டுவது நிஜமாகவே 1956 சென்னை வண்டி என்றால் அது 163-ல் ஒன்று. அவ்வளவு அபூர்வமான பொருளை விற்பவர் அதற்கேற்ற ஆதாரம் காட்ட வேண்டாமா? ராணுவத்துக்காக அதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து முழு வண்டிகளாகவும் வந்தன. அவை கழித்துக் கட்டப்பட்டு, பிற்பாடு சிவில் பதிவு ஆனபோது ஆர்சியில் ஏறிய வருடத்தை அப்படியே நம்பிவிட முடியாது.

மிக்கார்ப் பற்றிக் கவலை வேண்டாம். 1956 வண்டியில் அமால் கார்புரேட்டர்தான் இருந்திருக்கும். மிக்கார்ப் எல்லாம் வெகு காலம் கழித்து வந்தது. ஆனால் கழற்றி மாட்டுகிற எதுவும் பணத்தால் சரியாகிற குறை. கார்புரேட்டர், ஸ்பீடோமீட்டர், சைலன்சர், டேங்க் பேட்ஜ் எல்லாம் அந்த வகை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பாதி கிடைத்துவிடும். அதற்காகும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். பணத்தால் சரியாகாத குறை என்ஜின் நம்பரிலும் சேசிஸ் நம்பரிலும் ஆர்சி புத்தகத்திலும் இருக்கும்.

‘மேட்சிங் நம்பர்’ என்ற சொல்லிலேயே பெரிய குழப்பம் இருக்கிறது. என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்து வின்சென்ட் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பிரேம் எண், அதாவது சேசிஸ் நம்பர், என்ஜின் எண்ணைவிட 1900 கூடுதலாக இருக்கும். அங்கே இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டிரையம்ஃப் 1969 வாக்கில் நம்பர் குத்தும் இடத்திலேயே கம்பெனி முத்திரையைச் சின்னச் சின்னதாகப் புடைக்க வைத்தது. யாராவது ராவி வேறு நம்பர் குத்தினால் முத்திரையும் சேர்ந்து அழிந்துவிடும். ஆக, மேட்சிங் என்பது பாக்டரியிலிருந்து ஒன்றாக வெளியே வந்த ஜோடி என்று அர்த்தம். அந்த ஜோடிக்கு நம் ஊரில் சாட்சி சொல்வது பழைய காகித ஆர்சி புத்தகம்தான். முதல் உரிமையாளர் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்வையிடும் நாளில் கையில் டார்ச் இருக்கட்டும். என்ஜின் நம்பர் மேல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் நிற்கும் இடம் மட்டும் சுற்றுப்பரப்பைவிடப் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருந்தால் ராவியிருக்கிறார்கள். ஆர்டிஓ ஆபீசில் எடுப்பார்களே, அதேபோல் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் கிளம்பி வந்துவிடுங்கள். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், டேங்குக்கு அடியில், சீட்டுக்குக் கீழே பழைய பெயின்ட் ஏதாவது மிச்சம் இருக்கும். வண்டியின் உண்மை நிறம் அங்கேதான் தெரியும். ரெட்டிச் பாகம் என்றால் போல்ட்டெல்லாம் இங்கிலீஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒழுங்காக உட்கார்ந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

நானும் ஒரு தடவை ஏமாந்தவன்தான். ஜாவா என்று ஏலத்தில் எடுத்தேன். டேங்க், பேட்ஜ் எல்லாம் ஜாவா. வீட்டுக்கு வந்து ஆர்சியை நிதானமாகப் படித்தால் அது யெஸ்டி! ஜாவா வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி, வண்டியின் பெயரை யெஸ்டி என்று மாற்றியதற்கு அப்புறம் பதிவான வண்டி. ஓட்டுவதற்கு இரண்டும் ஒன்றுதான், விற்கப் போகும்போது ஒன்றில்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருந்ததால் யாரிடமும் கேட்க வழியில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 4,50,000-க்கே முடிந்தாலும் கட்டணம் 45,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 8,100. மொத்தம் 5,03,100. இதே பணம் 7 சதவீதத்தில் ஐந்து வருடம் கூட்டுவட்டியில் இருந்தால் சுமார் 7.06 லட்சம். டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. இது உங்களுக்குச் சாதகம். ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், அதற்கு வரி உண்டு. டயர், இன்சூரன்ஸ், ஆயில் ஒழுகல் செலவையும், விற்கும்போது கொடுக்க வேண்டிய கமிஷனையும் சேர்த்தால் எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில் விற்றால்தான் உங்களுக்கு ஏதாவது மிஞ்சும். ரெஸ்டோர் செய்த வண்டிக்கு அந்த விலை வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஏற்காட்டு ஆசைக்கு ஒரு எச்சரிக்கை. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு கொண்டுவந்தார்கள். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், ‘விஏ’ எழுத்தோடு தனி நம்பர் வரும். கௌரவம்தான், ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று தவிர மற்றபடி ரோட்டில் ஓட்டக் கூடாது. ஞாயிறு தோறும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டுமென்றால் சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கிற வண்டியாகப் பாருங்கள். வண்டிப் பதிவுகளுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் நம்பர் ஏறியிருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

என் முடிவு இதுதான். நம்பரும் ஆர்சி புத்தகமும் சுத்தமாக இருந்தால், முதலீடு என்ற நினைப்பை விட்டுவிட்டு, 4.9 லட்சம் வரை கேளுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். இரண்டில் ஒன்று இடித்தாலும் ஆரம்ப விலைக்கே கேட்காதீர்கள். மீதி ஆறரை லட்சம் டெபாசிட்டிலேயே தொடரட்டும்.

வீட்டில் சொல்லவில்லை என்கிறீர்கள். டெபாசிட் இருவர் பேரிலும் இருந்து, இருவரும் சேர்ந்து எடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தால், பணம் எடுக்க அவர் கையெழுத்தும் வேண்டும். அந்த ரசீதை முதலில் எடுத்துப் பாருங்கள்.