அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்றால் தொழுகை எதற்கு? படித்தால் ஈமான் கூடுமா?

நம் வணக்கம் இறைவனுக்குத் தேவையில்லை என்றால் ஐந்து வேளைத் தொழுகை எதற்கு, மார்க்கத்தை ஆழமாகப் படித்தால் ஈமான் (இறைநம்பிக்கை) கூடுமா அல்லது கேள்விகள் வந்து ஆட்டம் காணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜின்களையும் மனிதர்களையும் என்னை வணங்கவே படைத்தேன் என்ற குர்ஆன் வசனம் (51:56) எல்லாரும் கேட்டதுதான். அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அவர்களிடம் நான் எந்த வாழ்வாதாரத்தையும் கேட்கவில்லை, எனக்கு அவர்கள் உணவளிக்க வேண்டும் என்றும் விரும்பவில்லை என்கிறான். குர்பானியின் (பலிப்பிராணியின்) இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உங்கள் தக்வாதான் (இறையச்சம்தான்) சென்றடைகிறது என்று 22:37 சொல்கிறது. ஆக, பலன் முழுக்க வணங்குகிறவனுக்குத்தான்.

அதற்காக, தொழுகை நல்ல உடற்பயிற்சி, நோன்பு வயிற்றுக்கு நல்லது என்று விளக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. உடற்பயிற்சிதான் நோக்கம் என்றால் அதற்கு ஒளூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) எதற்கு, கிப்லா (கஅபாவை நோக்கும் திசை) எதற்கு? படைத்தவன் முன்னால் போய் நிற்பதுதான் தொழுகை. வணக்கத்தின் உச்சம் எது என்று வானவர் ஜிப்ரீல் கேட்டபோது நபி (ஸல்) சொன்ன பதிலும் அதுதான்: அல்லாஹ்வைப் பார்ப்பது போல வணங்கு, நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான்.

சரி, அறிவு விஷயத்துக்கு வருகிறேன். பர்ளு (கட்டாய) தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா சூரா உண்டு. மதரஸாவில் எங்களுக்கு ஓதக் கற்றுத் தந்தார்கள், பொருள் சொல்லித் தரவில்லை. பின்னாளில் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் குத்ஸி (நபி வாயிலாக வந்த அல்லாஹ்வின் கூற்று) படித்தேன். தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே பாதியாகப் பிரித்துவிட்டேன் என்கிறான் அல்லாஹ். அடியான் 'அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்' (புகழெல்லாம் அகிலங்களின் இறைவனுக்கே) என்றதும், 'என் அடியான் என்னைப் புகழ்ந்தான்' என்று பதில் வருகிறதாம். இப்படியே வசனத்துக்கு வசனம் பதில். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பாத்திஹாவை மடமடவென்று ஓத முடியவில்லை. ஒவ்வொரு வசனத்திலும் நிற்கத் தோன்றியது. படிப்பு ஈமானுக்கு என்ன செய்யும் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அறிவு மட்டும் போதாது. இப்லீஸுக்கு (ஷைத்தானுக்கு) அல்லாஹ்வைத் தெரியாதா என்ன? மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் வாழ்க்கையைப் பாருங்கள். 1091இல் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியரானார், அந்தக் காலத்தில் ஓர் ஆலிமுக்கு (மார்க்க அறிஞருக்கு) கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பதவிகளில் ஒன்று அது. நாலு வருஷம் கழித்து, பாடம் நடத்த வாயெடுத்தால் நாக்கு எழவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. அல்லாஹ், நபித்துவம், மறுமை ஆகியவற்றில் தமக்கு உறுதி இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். உறுத்தியது வேறு: தாம் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காக அல்ல, பேருக்கும் புகழுக்கும்தான் என்பது. 1095இல் பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸ் போனார். அப்புறம் எழுதிய இஹ்யா உலூமித்தீன் என்ற நூலின் 40 பகுதிகளில் முதலாவது அறிவைப் பற்றியது. அது இருப்பது வணக்கங்களைப் பேசும் கால்பாகத்தில். அந்த இடம் அறிவுக்குச் சரியான இடம் என்று நினைக்கிறேன். பயனளிக்காத அறிவிலிருந்து நபியவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள்.

ஈமான் கூடுமா குறையுமா என்பதில் இமாம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கூடும், குறையும் என்பது ஷாஃபிஈ இமாமின் நிலை. மனம் உண்மையென ஏற்பதில் ஏற்ற இறக்கம் இல்லை என்பது அபூ ஹனீஃபா இமாமின் நிலை. இரண்டு மத்ஹபுக்காரர்களும் (அந்த இமாம்களின் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்களும்) ஒரே ஸஃப்பில் (வரிசையில்) நின்று தொழுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத என் நன்னிமாவின் (பாட்டியின்) தொழுகையைப் பார்த்து வளர்ந்ததால், படித்தவர்களுக்குத்தான் ஈமான் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கேள்வி வருவதற்காகப் பயப்படாதீர்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டு என இப்ராஹீம் நபியே கேட்டார்கள். நம்பவில்லையா என்றதற்கு, நம்புகிறேன், என் உள்ளம் அமைதியடையத்தான் என்றார்கள் (2:260). அல்லாஹ் கோபிக்கவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு காட்டினான். நீங்கள் தினமும் தொழுகையில் ஓதுகிற சின்ன சூராக்களின் பொருளிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். அன்றைக்குப் படித்ததை அன்றைய இஷாவிலேயே (இரவுத் தொழுகையிலேயே) ஓதிப் பாருங்கள்.