பாக்ஸ் செத்துவிட்டது, அம்மா பேசிய பதிவை மீட்க முடியுமா?

கேள்வி: பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் போன வருடம் ஒரு தமிழ்ச் சேனலில் அரை மணி நேரம் காட்டினார்கள். அதில் எங்கள் அம்மா பேசினார். கேபிள் செட்டாப் பாக்ஸில் பெண்டிரைவைச் செருகிப் பதிவு செய்து வைத்திருந்தேன். இப்போது அந்த பாக்ஸ் செத்துவிட்டது. புது பாக்ஸில் பெண்டிரைவைப் போட்டால் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கிறது. லேப்டாப்பில் ஃபைல் தெரிகிறது, திறக்கவில்லை. இப்படிப் பூட்டச் சொன்னது அரசாங்கமா? பூட்டைத் திறந்தால் குற்றமா? அம்மா இப்போது கடலுக்குப் போவதில்லை. அதை இன்னொரு தடவை பார்க்கணும் என்கிறார்.

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபார்மட் கேட்டால் ‘வேண்டாம்’ கொடுத்துவிட்டுப் பெண்டிரைவைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பழைய பாக்ஸையும் தூக்கிப் போட வேண்டாம். கேபிள்காரர் திருப்பிக் கேட்டால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். பாக்ஸ் எதையும் பூட்டித்தான் பதிகிறது. அந்தப் பதிவைத் திறக்கும் சாவி வேறெங்கும் இல்லை, அந்த பாக்ஸின் சிப்புக்குள்தான் இருக்கிறது. அதே கம்பெனியின் அதே மாடல் பாக்ஸ் வாங்கினாலும் திறக்காது.

பூட்டச் சொன்னது அரசு விதிதான். 2011-இல் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தி, கேபிளில் வரும் சேனல்களைக் குறியாக்கம் செய்தே, அதாவது பாக்ஸ் இல்லாமல் பார்க்க முடியாதபடி பூட்டியே அனுப்ப வேண்டும் என்றார்கள். கட்டணச் சேனல், இலவசச் சேனல் என்ற பேதம் அதில் இல்லை. நான்கு கட்டமாக வந்த இந்த மாற்றத்தில் உங்கள் பக்கத்துக் கிராமங்களெல்லாம் கடைசிக் கட்டம். 2017 மார்ச் 31 வரை கெடு இருந்தது. அதே மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின் மூன்றாம் அட்டவணையில், பதிவு வசதியுள்ள பாக்ஸில் நகல் தடுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். டிவியில் சில சமயம் ஏதோ எண்கள் தோன்றி மறையுமே, அதுவும் இந்த அட்டவணை சொன்னதுதான். படம் வெளியே கசிந்தால் எந்த வீட்டு பாக்ஸிலிருந்து போனது என்று அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது, குற்றமா என்ற கேள்வி. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. ஆகவே நீங்கள் பதிவு செய்ததில் தவறே இல்லை. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவுதான் பூட்டைப் பற்றியது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘நோக்கத்தோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் இந்தப் பிரிவு பாயாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அப்படித் திறக்க இன்னொருவர் உதவினால், யாருக்காக, எதற்காக என்று பெயர், முகவரியோடு அவர் குறித்து வைக்க வேண்டும். கடைக்காரர் உங்கள் விவரம் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். வீட்டில் அம்மா பார்ப்பது ஒன்று; யூடியூபில் ஏற்றுவதும் ஊர்த் திடலில் திரை கட்டிக் காட்டுவதும் வேறு. அதற்குச் சேனலின் அனுமதி வேண்டும்.

சட்டம் உங்களுக்குப் பதிவு செய்யும் உரிமையைத் தருகிறது, விதி அந்தப் பதிவைப் பூட்டச் சொல்கிறது. எவ்வளவு தூரம் பூட்டலாம் என்று விதி சொல்லவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். அமெரிக்காவில் 2003 நவம்பரில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம், இலவச டிஜிட்டல் ஒளிபரப்பில் ‘வெளியே பரப்பாதே’ என்ற ஓர் அடையாளக் குறியைச் சேர்க்கலாம், 2005 ஜூலை 1 முதல் கருவிகளெல்லாம் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஆணையிட்டது. நூலகர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் வழக்குப் போட்டன. 2005 மே 6 அன்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒளிபரப்பு வந்து சேர்ந்த பிறகு வீட்டுக் கருவி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பு. ஜப்பானில் 2004 முதல் டிஜிட்டல் ஒளிபரப்பை ஒரே ஒரு முறைதான் பதியலாம், அதிலிருந்து பிரதி எடுக்க முடியாது என்றிருந்தது. மக்கள் படும் பாட்டைப் பார்த்து 2008-இல் பத்துப் பிரதி வரை தளர்த்தினார்கள். நம் விதியிலும் அப்படி ஓர் அளவு வேண்டும். சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் போடும் அதே பூட்டைப் பாசி எடுக்கும் பெண்ணின் பேச்சுக்கும் போடுவது நியாயமில்லை.

இனி மீட்கும் வழி. கடலோரத்தில் பாக்ஸ் செத்தது என்றால் பெரும்பாலும் சிப் செத்திருக்காது. உப்புக் காற்றில் அடாப்டர் போயிருக்கும், இல்லை பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பாக்ஸின் அடியில் உள்ள லேபிளில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். வேறு வோல்ட் அடாப்டரை ‘சும்மா போட்டுப் பார்ப்போம்’ என்று செருகினால் மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். உயிர் வரவில்லையென்றால் டிவி ரிப்பேர்காரரிடம் கொடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் போர்டைத் துடைத்து, வீங்கிய கெப்பாசிட்டரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். போர்டையே மாற்றுகிறேன் என்றால் விடாதீர்கள், சாவியும் அதோடு போய்விடும். பழைய பாக்ஸில் சந்தாவுக்கான கார்டு செருகியிருந்திருந்தால் அதே கார்டைப் போடுங்கள். சில பாக்ஸ்கள் சந்தா உயிரோடு இருந்தால்தான் பழைய பதிவைக் காட்டும். அப்படியானால் அந்த பாக்ஸுக்கே ஒரு மாதம் பணம் கட்டிவிடலாம்.

படம் ஓடத் தொடங்கியதும் மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே பிரதி எடுங்கள். எச்டிஎம்ஐ வழியாக எடுக்கப் பார்த்தால் அந்த ஒயரிலும் ஒரு பூட்டு இருப்பதால் கறுப்புத் திரைதான் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனை உள்ள பழைய ஏவி ஒயரை படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி லேப்டாப்பில் பதியுங்கள். கருவி கிடைக்காவிட்டால், அறையை இருட்டாக்கி, ஃபேனை நிறுத்தி, ஸ்டாண்டில் வைத்த போனால் டிவியையே படம் பிடியுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் அம்மாவின் குரல் கிடைத்துவிடும்.

அடுத்த முறை இலவசச் சேனலில் இப்படி ஏதாவது வந்தால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பதியுங்கள். அதில் பூட்டில்லாமல் வரும் சேனல்களைப் பல பாக்ஸ்கள் சாதாரண ஃபைலாகவே பதிகின்றன, லேப்டாப்பிலும் ஓடும். கேபிளில் பூட்டோடு வரும் அதே சேனல் அங்கே திறந்தே வருவதும் உண்டு.

பாக்ஸ் பிழைக்கவே இல்லையென்றால், ‘எந்தப் பதிவையும் திறந்து தருகிறோம்’ என்று இணையத்தில் விற்கும் மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சேனலுக்கு எழுதுங்கள். ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கான அரசு நிபந்தனை. உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு தாண்டிவிட்டது, ஆனாலும் தயாரிப்புக் குழுவிடம் மூலப் பிரதி இருக்க வாய்ப்புண்டு. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், அம்மா எந்த இடத்தில் பேசினார் என்பதையெல்லாம் எழுதி, கடிதத்தில் அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.