அடம் பிடிக்கும் பிள்ளை, அறைக்கு வெளியே அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பேச்சு நன்றாக வருகிறது. பஸ் என்றால் உயிர். எங்கள் ஊர் வழியாகப் போகும் எல்லா டவுன் பஸ்ஸின் எண்ணும் நேரமும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் வகுப்பில் தமிழ் நோட்டை எடுக்கச் சொன்னாலே பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கடித்துவிடுகிறான். ஆசிரியை அவனைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புகிறார். அங்கிருந்து எனக்குப் போன் வரும். நான் தையல் கடையில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வீட்டுக்கு அழைத்துவருகிறேன். இந்த மாதம் மட்டும் ஆறு முறை. இப்போது ‘வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றே சொல்லிவிட்டார்கள். அடியாத மாடு படியாது என்கிறார் மாமனார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன் என்கிறார் நாத்தனார். நகரத்தில் ஒரு தெரபி மையத்தில் ஆறு மாதத்தில் சரியாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டணம் எங்கள் வருமானத்தில் பாதி. பெற்றோர் உள்ளே வரக்கூடாதாம். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். ‘என் பேரனைப் பைத்தியம் என்கிறாயா’ என்று வீட்டில் பெரிய சண்டை. யாரிடம்தான் போவது அக்கா?

ம.

அன்புள்ள ம.,

அந்த மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டணத்துக்காகச் சொல்லவில்லை. பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்ற அந்த ஒரு விதிக்காகச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகனுக்கு ஐந்து வயதில் இதே பாடு. அவன் கடிக்கமாட்டான், தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், கையில் கிடைத்ததை வீசுவான். வாரத்துக்கு மூன்று நாள் அவனை ஒரு மையத்துக்கு அழைத்துப்போனது நான்தான். முக்கால் மணி நேரம் கதவு சாத்தியிருக்கும். அண்ணியும் நானும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே கேட்கும் அழுகையை எண்ணிக்கொண்டிருப்போம். வெளியே வந்ததும் ‘இன்று நல்ல பையனாக இருந்தான்’ என்பார்கள். ஒன்றரை வருடத்தில் அந்த அறைக்குள் அவன் நாற்காலியில் உட்காரப் பழகினான் என்பது உண்மை. வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? அவன் வாழ்ந்தது எங்கள் வீட்டில். அந்த வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிறகு ஒரு சிறப்பாசிரியர், அதாவது இப்படிக் கூடுதல் கவனம் வேண்டிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் படித்தவர், வந்தார். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. முதல் நாள் பையனைத் தொடக்கூட இல்லை. அடுக்களை வாசலில் உட்கார்ந்து அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தார். ‘இவனுக்கு என்னம்மா பிடிக்கும்?’ என்பதுதான் முதல் கேள்வி. அண்ணிக்குச் சட்டென்று பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. கிளம்பும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் நாம் என்ன செய்தோம். யோசித்து எழுதவேண்டாம், பார்த்ததை மட்டும் மணியோடு எழுதுங்கள் என்றார்.

பத்து நாளில் பக்கங்கள் பேசத் தொடங்கின. காலை ஏழே கால், மாலை ஆறரை. பெரும்பாலான மோதல்கள் அந்த இரண்டு நேரத்தில்தான். முன்னால் கட்டத்தில் அண்ணி தன்னை அறியாமலே திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள்: ‘சட்னி அரைத்தேன்.’ மிக்ஸியின் இரைச்சல் அவனுக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை சுவரில் மோதிச் சொல்லியிருக்கிறான். மிக்ஸியைப் பின்கட்டுக்கு மாற்றினோம். அரைப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லி, காதைப் பொத்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாம் இதிலேயே தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றுதான் முதல் முறையாகப் பிள்ளையின் பக்கம் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது.

இப்போது உங்கள் கடிதத்தை அதே மூன்று கட்டத்தில் போட்டுப் பாருங்கள். முன்னால்: தமிழ் நோட்டை எடு என்றார்கள். அவன் செய்தது: கடித்தான். பின்னால்: வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள், நீங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தீர்கள். அவன் இடத்திலிருந்து பார்த்தால் கடித்தவுடன் எழுத வேண்டிய வேலை போய்விட்டது. ஆறு முறையும் போய்விட்டது. தண்டனை என்று பள்ளி நினைப்பது அவனுக்கு விடுதலையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்டும் தகுதி எனக்கில்லை. எழுத்து ஏன் அவனுக்கு அவ்வளவு பாரமாக இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கண்ணா, விரலின் பிடியா, எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடா? இதைக் கண்டுபிடிக்கத்தான் துறை அறிந்தவர்கள் வேண்டும்.

1985இல் அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகள்தான் அதில். எப்போது முரண்டு பிடிக்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். சிலருக்குப் பாடம் கடினமானால் கோபம் வந்தது. சிலருக்குப் பெரியவரின் கவனம் குறைந்தால் வந்தது. அடிக்கவும் இல்லை, மிட்டாய் காட்டி அடக்கவும் இல்லை. ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்கள். கடினத்தால் தவிக்கும் குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை’. கவனத்துக்கு ஏங்கும் குழந்தைக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ சரியான வாக்கியம் சரியான குழந்தைக்குக் கிடைத்தபோது முரண்டு குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தால் குறையவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பயிற்சி என்று அட்டவணை போட்டு வைத்திருக்கும் இடத்தில் உங்கள் மகனுக்கு உரிய வாக்கியம் எப்படிக் கிடைக்கும்?

கதவு சாத்துவதற்கு நேர் எதிரான வழியும் பழையதுதான். 1960களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் குழந்தையோடு தாயை விளையாடவிட்டு, தாயின் காதில் ஒரு சிறு கருவி வழியாக அந்தந்தக் கணத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார். குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தவர் தாய். நிபுணர் தாய்க்குப் பின்னால் நின்றார். அவரிடமிருந்து தொடங்கிய முறைகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. இதைப் ‘பெற்றோர்ப் பயிற்சி’ என்பார்கள். அந்தச் சொல் காதில் விழும்போது நாத்தனாரின் குரல்போலக் கேட்கும். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் வளர்ப்பு கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. சாதாரணப் பிள்ளைக்குப் போதுமான வளர்ப்பு இவனுக்குப் போதவில்லை, இவனுக்குக் கூடுதலாக ஒரு வித்தை வேண்டும், அவ்வளவுதான்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். முதலில் குழந்தை மருத்துவர். கண், காது, தூக்கம், மலச்சிக்கல், சொத்தைப் பல். சிரிக்காதீர்கள், பல்வலியைக் ‘குணக்கேடு’ என்று மாதக்கணக்கில் திட்டிய வீடு எனக்குத் தெரியும். பிறகு உங்கள் மாவட்டத்தின் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது அது. பதினெட்டு வயது வரை பார்க்கலாம், கட்டணம் கிடையாது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் என்று ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பது திட்டம். எல்லா நாளும் எல்லாரும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள். முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பல பள்ளிகளுக்கு அலைகிறார், பலருக்குப் பணி நிரந்தரமில்லை. அப்படியிருந்தும் மழையில் நனைந்துகொண்டு வீடு தேடி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் இந்தப் பிள்ளைகளைத் தாங்கிக்கொண்டிருப்பது அவர்கள்தான் என்பேன்.

தனியாரிடம் போவதென்றால் ஒன்றைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளரும் சிறப்பாசிரியரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தத் துறையினரைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எண் இருப்பவர் முகம் சுளிக்கமாட்டார்.

மனநல மருத்துவரைப் பற்றி வீட்டில் எழுந்த சண்டை எனக்குப் புரிகிறது. பேரனைப் ‘பைத்தியம்’ என்ற சொல் தொட்டுவிடக்கூடாது என்று தவிக்கிற தாத்தாவின் பாசம் அது. மாமனாரிடம் சண்டை போடாதீர்கள். அந்த மருத்துவர் பைத்தியம் என்று முத்திரை குத்த இருப்பவர் அல்ல, தேவைப்பட்டால் மட்டும் மருந்து எழுதத் தெரிந்தவர் என்று சொல்லுங்கள். மருந்து எல்லாருக்கும் தேவையில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு மறுப்பதும் கொடுமை. முடிந்தால் மாமனாரையே ஒரு நாள் உடன் அழைத்துப்போங்கள்.

பள்ளி விஷயத்தில் மட்டும் தயங்கவே வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. ‘வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பாசிரியை முன்னால் நிற்காதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் கடிபட்ட குழந்தையின் அம்மாவுக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர். அவரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள். ஒரு பக்கம் எழுது என்பதற்குப் பதில் இரண்டு வரி. முடியாவிட்டால் கடிப்பதற்கு முன் காட்ட ஒரு சிவப்பு அட்டை. காட்டினால் இரண்டு நிமிடம் ஜன்னலோரம் நிற்கலாம், பிறகு திரும்பி வந்து ஒரு வரி. பக்கத்துப் பிள்ளையைச் சற்று எட்டி உட்காரவைக்கவும் சொல்லுங்கள், அந்தக் குழந்தைக்கும் கடிபடாமல் படிக்கும் உரிமை இருக்கிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடித்தாலும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்று ஆனவுடன் அவன் அடங்கிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில நாள் இன்னும் அதிகமாகக்கூடக் கடிக்கப் பார்க்கலாம். இதுவரை திறந்த கதவு திறக்கவில்லை என்றால் நாமும் ஓங்கித்தானே தட்டுவோம்? பல குடும்பங்கள் அந்த இடத்தில்தான் முறை தோற்றது என்று விட்டுவிடுகின்றன. அண்ணியும் இரண்டு முறை விட்டாள். அந்த நாட்களில் அடிக்கடி போன் எடுத்துப் பேசுகிற, ஆசிரியையோடும் பேசுகிற ஒருவரைத்தான் நீங்கள் தேடவேண்டும். மையத்தின் ஏசியையும் சுவரில் ஒட்டிய படங்களையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். கணவரையும் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காததை அவர் பார்த்திருப்பார். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் கடிப்பதிலிருந்து தொடங்காதீர்கள். ஊர் வழியாகப் போகும் எல்லாப் பஸ்ஸும் அவனுக்கு மனப்பாடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் சொல்லுங்கள். எழுதப் பிடிக்காத பிள்ளை பஸ் எண்ணையும் ஊர்ப் பெயரையும் எழுதச் சொன்னால் என்ன செய்கிறான் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது. எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா