இரண்டாவது கியரில் இழுக்கவில்லை: கியர்பாக்ஸைப் பிரிக்கலாமா?

கேள்வி: “சார், சென்னையில் ஓட்டிக்கொண்டிருந்த காரை வேலை மாறியதால் ஒன்றரை வருடமாக பெங்களூரில் ஓட்டுகிறேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல், 64,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் சி.வி. ராமன் நகரில் இருந்து பெல்லந்தூர். மாரத்தஹள்ளியில் ஊர்ந்து வந்து, கொஞ்சம் இடம் கிடைத்ததும் மிதித்தால் இரண்டாவது கியரில் ஒன்றுமே நடப்பதில்லை. அப்புறம் திடீரென்று பாய்கிறது. சென்னையில் இப்படி இருந்ததில்லை. போன வருடம் டயரை 195/55 ஆர்16-ல் இருந்து 205/55 ஆர்16-க்கு மாற்றினேன். ஐந்தாவது கியரில் 100-ல் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று காட்டுகிறது. ஜே.சி. ரோட்டில் ஒருவர், இதே மாடல் டீசல் காரின் கியர்பாக்ஸை மாட்டினால் ‘டார்க் ஏறும்’, அதாவது இழுக்கிற முறுக்குவிசை கூடும் என்கிறார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். கியர் விகிதத்தை மாற்றினால் சரியாகுமா? மாதம் ஒரு தடவை சேலம் போய்வருவேன்.”

பதில்: முதலில் அந்த டீசல் கியர்பாக்ஸ். வேண்டாம். டீசல் இன்ஜின் 4,500 சுற்றுக்குள் மூச்சு முட்டிவிடும். அதனால் அதே மாடல் டீசல் காருக்கு ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிற மாதிரிதான் பைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற கடைசிப் பல் ஜோடி) வைப்பார்கள். அதை உங்கள் பெட்ரோல் இன்ஜினோடு சேர்த்தால் அதே வேகத்தில் சுற்று இன்னும் இறங்கும். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். டீசலின் டார்க் டீசல் இன்ஜினில் இருக்கிறது, அதன் கியர்பாக்ஸில் இல்லை.

சரி, உங்கள் காரில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மி.மீ.; ஒரு முழுச் சுற்றுக்கு 1.985 மீட்டர் உருளும். மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர், அதாவது சக்கரம் 840 சுற்று. இன்ஜின் 2,500. ஆக ஐந்தாவது கியரும் பைனல் டிரைவும் சேர்ந்து கிட்டத்தட்ட 2.98. இந்த அளவுக் கார்களில் வழக்கமாக வருகிற மாதிரி பைனல் டிரைவ் 3.867, ஐந்தாவது 0.77, இரண்டாவது 2.2 என்று வைத்துக்கொள்கிறேன். (உங்கள் காரின் சரியான எண்கள் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.) இரண்டாவது கியரில் 25 கி.மீ. வேகத்துக்கு இன்ஜின் சுமார் 1,790-ல் இருக்கும். சின்ன டர்போ பெட்ரோல்களில் பெரும்பாலானவை 1,800, 2,000-ஐத் தொட்டால்தான் உருப்படியாக பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கிற காற்றழுத்தம்) கட்டும். நீங்கள் தினமும் மிதிப்பது வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் நின்றுகொண்டு.

சென்னையில் இல்லாத குறை இங்கே எப்படி வந்தது? பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 920 மீட்டர் மேலே. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. டர்போ சுழல ஆரம்பித்த பிறகு இது அவ்வளவாகத் தெரியாது. குறைகிற அழுத்தத்தை டர்போ கொஞ்சம் அதிகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். ஆனால் பூஸ்ட் வராத அந்தக் கீழ்ச் சுற்றுகளில் உங்கள் இன்ஜின் வெறும் 1.2 லிட்டர் சாதா இன்ஜின்தான். அதற்குக் கிடைக்கிற காற்றிலும் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இங்கே குளிர் கொஞ்சம் அதிகம் என்பதால் சிறிது திரும்பக் கிடைக்கும், அவ்வளவே. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம். தொப்பூர் இறங்கி ஊருக்குள் போனதும் கார் உயிர் பெற்ற மாதிரி உங்களுக்குத் தோன்றியிருந்தால் அது மனப்பிரமை இல்லை.

இதோடு டயர். 195/55-ன் விட்டம் 621 மி.மீ. நீங்கள் மாட்டியது 11 மி.மீ. பெரியது, எல்லாக் கியரும் 1.8 சதவீதம் நீண்டுவிட்டது, அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று அவ்வளவு குறையும். தனியாகப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் ஷார்ட் கியர் (அதே வேகத்துக்குச் சுற்று கூடுகிற குட்டைக் கியர்) வேண்டும் என்று கேட்கிற ஒருவர் ஏற்கெனவே காசு கொடுத்து எதிர்ப் பக்கம் போயிருக்கிறார், அதைத்தான் சொல்கிறேன். டயர் கொஞ்சம் கனமாகவும் ஆகியிருக்கும்.

இப்போது உண்மையான கேள்வி: பைனல் டிரைவை மாற்றினால்? பைக்கில் பின் ஸ்பிராக்கெட்டுக்கு இரண்டு பல் கூட்டுகிறோமே, அதே வேலை. 15 பல் பினியன் (சின்னப் பல்சக்கரம்), அதோடு சேரும் 58 பல் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்) இருந்தால் 3.867. அதை 14-க்கு 59 ஆக்கினால் 4.214, எல்லாக் கியரும் 9 சதவீதம் குட்டையாகும். மேலே சொன்ன 1,790 சுற்று 1,950 ஆகிவிடும். டர்போ காரில் இதன் பலன் வெறும் 9 சதவீதத்தோடு நிற்காது. அந்த இடத்தில் டார்க் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும், 160 சுற்று முன்னால் போனாலே கால் விரலில் தெரியும். சாதா இன்ஜின் காரில் இப்படிக் கிடைக்காது.

ஆனால் முதல் கியரும் சேர்ந்தே குட்டையாகும். அங்கேதான் டர்போ காரின் குணம் மாறுகிறது. டர்போ சுழல நேரமும் வேண்டும், சுமையும் வேண்டும். கியர் மிகவும் குட்டை என்றால் இன்ஜின் சுற்று வேகமாக ஏறிவிடும், பூஸ்ட் கட்டி முடிப்பதற்குள் நீங்கள் இரண்டாவதுக்குப் போயாக வேண்டும். கட்டிவிட்டாலோ முன் சக்கரம் வழுக்கும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். கம்பெனிக்காரர்கள் டர்போ கார்களுக்குக் கொஞ்சம் நீண்ட கியர் வைப்பதற்கு மைலேஜ் மட்டும் காரணமில்லை. அதே சமயம் குட்டையாக்கவே கூடாது என்பதும் இல்லை. 2018-ல் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. 114 பி.எஸ். டர்போ கார், வேகமாக எழும்புவதற்காக அதன் கியர் விகிதங்களை மாற்றித்தான் விற்றார்கள். அவர்கள் இன்ஜின், ஈ.சி.யு. (இன்ஜினை நடத்துகிற கணினி), சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் சேர்த்து ஒத்துப்பார்த்து மாற்றினார்கள். நாம் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம்.

இன்னொரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பைனல் டிரைவை என்ன செய்தாலும் ஒரு கியரில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது சுற்று விழுகிற விகிதம் மாறாது. இரண்டாவது 2.2, மூன்றாவது 1.4 என்றால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போதெல்லாம் சுற்று 64 சதவீதத்துக்கு விழும். 2,800-ல் மாற்றினால் 1,780-ல் போய் உட்காரும், பூஸ்ட் போச்சு. 3,200-ல் மாற்றினால் 2,035, பூஸ்டுக்குள்ளேயே இருப்பீர்கள். இந்த விழுகையைக் குறைக்க கியர் பல் செட்டையே நெருக்கமான விகிதத்தில் மாற்ற வேண்டும். அது ரேஸ் ஆட்களின் செலவு. நேர்ப்பல் செட் என்றால் காருக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம் வரும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே மாதிரி சின்ன, வளைவு நிறைந்த டிராக்கில் சுற்றுகிறவருக்கு அது நியாயம். பெல்லந்தூர் போகிறவருக்கு அந்த வேலையை அந்த 3,200 செய்துவிடும், இலவசமாக. டேஷ்போர்டில் ‘கியர் ஏற்று’ என்று கெஞ்சுகிற அம்புக்குறி பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான் பிறந்தது. மாரத்தஹள்ளியில் அதற்குக் காது கொடுக்காதீர்கள். வேகம் 15-க்குக் கீழே விழுந்தால் தயங்காமல் முதல் கியருக்கு இறங்குங்கள்.

கியர்பாக்ஸைத் தொடும் முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது: காற்றுக் கசிவு சோதனை. எனக்கே நடந்தது. ஒரு பட்டறையில் பம்பரைக் கழற்றி மாட்டிய மறுநாளில் இருந்து என் கார் இப்படித்தான் மந்தமாக இருந்தது. டர்போ போய்விட்டது என்று ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் கண்டுபிடித்தது கண்தான்: இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கிற பாகம்) குழாய் சேருமிடத்தில் எண்ணெய்ப் பசையில் தூசி படிந்து, விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வளையம். கிளிப் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகினேன், கார் திரும்பி வந்தது. உங்கள் காரிலும் எல்லா இணைப்பையும் தடவிப் பாருங்கள், ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகை விட்டுக் கசிவு பார்ப்பது) வைக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரும் பிளக்கும் எப்போது மாற்றினீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் பைனல் டிரைவுக்கு வரலாம். ஆனால் இப்போதே பிரிக்க வேண்டாம். 64,000 ஓடியிருக்கிறது, அதுவும் இந்த டிராஃபிக்கில். கிளட்ச் மாற்ற வேண்டிய நாள் தூரத்தில் இல்லை. அன்றைக்கு எப்படியும் கியர்பாக்ஸ் கீழே இறங்கும், கூலி ஒன்றுதான். இன்ஜின் குறுக்காக அமர்ந்த முன்சக்கர இழுவைக் காரில் பினியன் தனிப் பொருள் இல்லை, கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். ஆக ஷாஃப்டும் கிரவுன் வீலும் ஜோடியாகத்தான் வர வேண்டும். உங்கள் கியர்பாக்ஸ் குடும்பத்தின் வேறொரு காரில், பெரும்பாலும் டர்போ இல்லாத பெட்ரோல் மாடலில், குட்டையான ஜோடி இருக்கும். ஷாஃப்டும் பேரிங்கும் அதே அளவா, உங்கள் டார்க்கைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில கம்பெனிகளில் கியர்பாக்ஸின் பெயரே தாங்கும் அளவைச் சொல்லிவிடும்; ஃபோக்ஸ்வாகனின் எம்.க்யூ.200, எம்.க்யூ.250-ல் அந்த எண்கள் நியூட்டன் மீட்டர்தான். ‘போல்ட் உட்காருகிறது’ என்பது பதில் இல்லை.

பழைய சாமான் வாங்கினால் பல்லைக் கடையிலேயே எண்ணுங்கள். நாங்கள் ஒரு பல்லில் வெள்ளை மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு எண்ணுவோம். நான் எண்ணினால் 58, பையன் எண்ணினால் 59 வரும். மூன்றாவது ஆளைக் கூப்பிட்ட நாட்களும் உண்டு. பல்லின் முகத்தில் வெளிச்சம் பட வைத்துப் பாருங்கள். சொறி பிடித்த மாதிரி சின்னக் குழிகள் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். டிஃபரென்ஷியல் பேரிங்குக்கு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) அளந்து போட வேண்டும். அளக்காமல் ‘கையிலேயே தெரியும்’ என்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எண்ணெய் மேனுவலில் சொன்ன கிரேடுதான். ஜி.எல்-4 தர எண்ணெய் கேட்கிற பெட்டியில் ஜி.எல்-5 ஊற்றினால் சிங்க்ரோவின் (கியர் உரசாமல் விழ உதவுகிற வளையத்தின்) பித்தளையைப் பதம் பார்த்துவிடலாம்.

எவ்வளவு குட்டை? நான் 5 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவேன். 14-க்கு 57 என்றால் 4.071, அது 5.3 சதவீதம். உங்களுக்கு சேலம் இருக்கிறது. பழைய அளவு டயருக்கே திரும்பி, 9 சதவீதம் குட்டையாக்கினால் 100-ல் 2,770 சுற்று. 5.3 என்றால் 2,680-க்குள் முடிந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் டிராக் ஆசையில் இதைவிடப் பெரிய மாற்றம் செய்துகொண்டார். ஹோசூர் தாண்டியதும் இல்லாத ஆறாவது கியரைக் கை தேடுகிறது என்று புலம்பி, எட்டு மாதத்தில் பழைய ஜோடியையே போட்டுக்கொண்டார். தொப்பூர் மேட்டில் திரும்பி ஏறும்போது மட்டும் அது சொர்க்கம் என்றும் சொன்னார், அதையும் மறைக்கக்கூடாது.

ஸ்பீடோமீட்டர் கவலை வேண்டாம், ஏ.பி.எஸ். சக்கர சென்சாரில் இருந்து வேகம் எடுக்கிற கார்களில் பைனல் டிரைவ் மாறினால் காட்டும் வேகம் மாறாது. டயர் அளவை மாற்றினால்தான் மாறும். கியர் விகிதம் ஆர்.சி.யில் வருகிற விவரம் இல்லை என்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். வாரண்டி பாக்கி இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

குட்டை டயர் போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 195/50 ஆர்16 போட்டால் 601 மி.மீ., பழைய அளவைவிட 3 சதவீதம் குட்டை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கார் 10 மி.மீ. இறங்கும், இந்த ஊர் ஹம்ப்களில் அந்தப் பத்து மில்லிமீட்டருக்கு மதிப்பு உண்டு. வழக்கமான 195/55-ன் சுமை எண் 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. 195/50-ல் பல 84, 500 கிலோதான். நான் பழைய 195/55-க்கே திரும்பச் சொல்வேன். இப்போதிருப்பது தேயட்டும், அவசரமில்லை.

அந்த ஐயாயிரம்: திரும்பக் கேளுங்கள். தரமாட்டேன் என்று இழுத்தால், அந்தப் பணத்தில் உங்கள் பெட்ரோல் காருக்கான கிளட்ச் செட்டும் ரிலீஸ் பேரிங்கும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மீதிக்குப் பில்லோடு பணம் கட்டிவிடலாம். அது எப்படியும் உங்களுக்கு வேண்டியதுதான்.