கேப்டன் டட்டிலும் ஒரு தர்க்கக் கேள்வியும்

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘மாஷ்’-இல் ‘டட்டில்’ என்ற பகுதியை ஆகச் சிறந்தது என்று கொண்டாடுகிறார்களே! இல்லாத ஒரு மனிதரை ஒரு ராணுவ முகாமே நம்பியதாகக் காட்டுவதில் தர்க்கம் எங்கே இருக்கிறது?

பதில்: கோப்பில் இருக்கிறது. கொரியப் போர்க்களத்தின் 4077-ஆம் நடமாடும் அறுவை மருத்துவமனையில், டாக்டர் ஹாக்கை, முகாமின் பொருள்களை ஓர் அனாதை இல்லத்துக்குத் தள்ளிவிடுவதற்காக, சிறுவயதில் தாம் கற்பனை செய்துகொண்ட தோழன் டட்டிலைக் கேப்டன் ஆக்குகிறார். பிறந்த ஊர், மதம், கண்ணின் நிறம் என்று படிவத்தின் கட்டங்களெல்லாம் நிரம்பியபின், அந்த ஆள் இல்லை என்று சொல்லும் துணிச்சல் எந்த அதிகாரிக்கு வரும்? தம் கீழ் வேலை பார்க்கும் ஒருவரைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட, தெரிந்ததுபோல் தலையாட்டுவது கர்னல் ஹென்றி பிளேக்குக்கு எளிது. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதானே இது? டட்டிலின் சம்பளப் பாக்கியும் முறைப்படி வந்து சேர்ந்து, அனாதை இல்லத்துக்கே போகிறது.

புரூஸ் ஷெல்லியும் டேவிட் கெச்சமும் எழுதிய இந்தப் பகுதி ஒளிபரப்பானது 1973 ஜனவரி 14 அன்று. வியட்நாமில் கொல்லப்பட்ட எதிரிகளின் கணக்கை ராணுவம் ஊதிப் பெருக்கிக் காட்டியதைப் பல ஆண்டுகள் கேட்டுச் சலித்திருந்த பார்வையாளர்களுக்கு, காகிதத்தில் மட்டுமே வாழும் ஒரு கேப்டன் அப்படியொன்றும் நம்ப முடியாத ஆளாக இருந்திருக்க மாட்டார். (பின்னணியில் ஒலிக்கும் பதிவுச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, அது தயாரிப்பாளர்கள் விரும்பாமல், ஒளிபரப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டது.)

நீங்கள் எதிர்பார்க்கும் தர்க்கமும் கதையில் வராமல் இல்லை. சம்பளத்தையே தானமாகத் தந்த உத்தமருக்குப் பதக்கம் அணிவிக்க ஜெனரல் கிளேட்டன் நேரில் வருகிறார். முதன்முறையாக ஒருவர் ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறார். உடனே டட்டில் இறந்தாக வேண்டியிருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து குதித்தபோது பாராசூட்டை மறந்துவிட்டாராம்! அந்த மரணமும் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. இரங்கல் உரையாற்றுபவரும் ஹாக்கைதான். இறுதியில் நடிகர் பட்டியலில் ‘கேப்டன் டட்டில்: அவரே’ என்று போட்டு, நம்மையும் அந்தக் கோப்பை நம்பச் சொல்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் முகாம் விழித்துக்கொள்ளவில்லை. அடுத்ததாக மேஜர் மர்டாக் என்று இன்னொருவர் முளைத்துவிடுகிறார்.