கேள்வி–பதில்: சேஃப்டியை எடுத்துவிட்டே நடக்கலாமா?

கேள்வி: பக்கவாட்டு இரட்டைக்குழல், 12 போர் (குழலின் அளவு), இரண்டு டிரிக்கர் உள்ள ஷாட்கன் வைத்திருக்கிறேன். பறவை எழும்பியதும் தோளில் வைத்து டிரிக்கரை இழுத்தால் அசையாது. டிரிக்கரைப் பூட்டி வைக்கும் சேஃப்டி பொத்தானை எடுக்க மறந்திருப்பேன். எடுப்பதற்குள் பறவை எட்டாத தூரம் போய்விடுகிறது. திரும்பத் திரும்ப இப்படியே நடக்கிறது. கூட வரும் மூத்த நண்பர், "புதருக்குள் இறங்கும்போதே சேஃப்டியை எடுத்துவிடு, விரலை மட்டும் வெளியே வைத்துக்கொள், போதும்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. நண்பரின் யோசனையால் பறவை கிடைக்கலாம். ஆனால் உங்கள் பக்கத்தில் நடப்பவருக்குப் பாதுகாப்பு போய்விடும். அப்படிப் பக்கத்தில் நடப்பவர் தாமேதான் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

விரல் வெளியே இருந்தால் போதும் என்பது சமதரையில் நிற்கும்போது சரி. கால் இடறினால் கை தானாக இறுகும். அது அனிச்சைச் செயல், எந்தப் பயிற்சியாலும் முழுதாக அடக்க முடியாது. டிரிக்கர் வளையத்தின் மேல் நீட்டி வைத்த விரல் அந்த இறுக்கத்தில் உள்ளே வழுக்கிவிடும். விரல்தான் வேண்டும் என்றும் இல்லை. புதர்க்குச்சி, கோட்டின் கயிறு, நாயின் வார் எது வேண்டுமானாலும் வளையத்துக்குள் நுழையலாம். வேட்டைக்கான இரட்டைக்குழலில் முன் டிரிக்கரை இழுக்க ஏறக்குறைய 1.5 முதல் 2 கிலோ விசை போதும். துப்பாக்கியின் எடையோ சுமார் 3 கிலோ. சேஃப்டி எடுத்த துப்பாக்கி ஒரு கிளையில் டிரிக்கர் மாட்டித் தொங்கினாலே, அதன் சொந்த எடை அதை வெடிக்கவைத்துவிடும்.

வழக்கமான 12 போர் தோட்டாவிலிருந்து 28 முதல் 36 கிராம் ஈயம் நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 30 மீட்டரில் அது விரிந்து பரவிய குண்டுக்கூட்டம். குழல்வாயிலிருந்து ஓரிரு மீட்டருக்குள் அது இன்னும் பிரியாத ஒரே கட்டி. உங்கள் பாதமும், காலடியில் ஓடும் நாயும், ஒற்றையடிப் பாதையில் முன்னே போகிறவரும் இருப்பது அந்தத் தூரத்தில்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது நீங்கள் எழுதாத ஒரு விஷயம். சுட்ட பிறகு சேஃப்டியைத் திரும்பப் போடுகிறீர்களா? எடுக்க மறந்தால் உடனே தெரிந்துவிடும், டிரிக்கர் அசையாது. போட மறந்தால் எதுவும் தெரியாது. துப்பாக்கி எந்த அறிகுறியும் காட்டாமல் உங்கள் கையில் நடந்து வரும். எடுக்க அடிக்கடி மறக்கும் கை, போடவும் அதே அளவு மறந்துகொண்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னுடையது ஆட்டோமேட்டிக் சேஃப்டி, தானாக விழுந்துவிடும்" என்று சொல்வீர்களானால், அது எப்போது விழும் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். குழலைத் திறக்க மேலே உள்ள நெம்பை வலப்பக்கம் தள்ளும்போது, உள்ளே ஒரு சிறு தண்டு சேஃப்டியைப் பின்னுக்கு, அதாவது பூட்டிய நிலைக்குத் தள்ளுகிறது. நெம்பைத் தொட்டால்தான் இது நடக்கும். நீங்கள் ஒரு குழலை மட்டும் சுடுகிறீர்கள். பறவை விழுகிறது. நாய் ஓடுகிறது, நீங்களும் பின்னால் போகிறீர்கள். நெம்பை யாரும் தொடவில்லை. இடது குழலில் சுடாத தோட்டா, சேஃப்டி முன்னால், கண் முழுதும் விழுந்த பறவையின் மேல். விதியும் பயிற்சியும் தெரிந்தவர்கள்கூடச் சறுக்கும் இடம் இதுதான். ஒரு தோட்டா சுட்டாலும் அடி எடுத்து வைக்கும் முன் குழலைத் திறந்துவிடுங்கள். திறந்தால் சேஃப்டி தானாக விழும், காலித் தோட்டாவை மாற்றலாம், குழலுக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கவும் முடியும்.

உங்கள் மறதியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டிரிக்கரை இழுத்து அது அசையாதபோது என்ன செய்கிறீர்கள்? பலர் விரலை எடுப்பதில்லை. டிரிக்கரை அழுத்தியபடியே கட்டைவிரலால் சேஃப்டியைத் தள்ளுவார்கள். தள்ளிய அதே கணத்தில் துப்பாக்கி வெடிக்கும். அதற்குள் பறவையைத் தொடர்ந்து குழல் திரும்பியிருக்கும், அல்லது "என்ன ஆச்சு" என்று பார்க்கத் தாழ்த்தியிருப்பீர்கள். குறி பார்க்காத திசையில் போகும் குண்டு அது. டிரிக்கர் அசையவில்லையென்றால் அந்தப் பறவை போய்விட்டது என்று முடிவுகட்டுங்கள். முதலில் விரல் வெளியே வரட்டும். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்துங்கள், குழல்வாய் ஆளில்லாத பக்கமே இருக்கட்டும்.

இனி, எடுக்க மறக்காமல் இருப்பது எப்படி? சேஃப்டியை நினைவில் வைக்கப் பார்க்கிறீர்கள், அதுதான் தவறு. பறவை சடசடவென்று எழும் அந்த நொடியில் நினைவு வேலை செய்யாது, கைப்பழக்கம் மட்டுமே வேலை செய்யும். ஆகவே கட்டைவிரலின் அசைவைத் துப்பாக்கியைத் தூக்கும் அசைவோடு ஒட்டவைக்க வேண்டும். வரிசை இது: முன் கை குழல்வாயைப் பறவையை நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) மேலேறி வருகையில் கட்டைவிரல் சேஃப்டியை முன்னே தள்ளுகிறது. தள்ளிய வேகத்திலேயே அந்த விரல் கட்டையின் கழுத்தைச் சுற்றி இறங்குகிறது. கன்னத்தில் கட்டை படிந்து, தோளில் உட்கார்ந்த பிறகே ஆள்காட்டி விரல் வளையத்துக்குள் போகிறது. கட்டைவிரலை மேலேயே விட்டுவைத்தால் பின்னுதைப்பில் நெம்பு அதைக் கிழித்துவிடும்.

இதை வீட்டில் பழகலாம். தோட்டாக்கள் வேறொரு அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். குழல்களில் தோட்டா உட்காரும் இரண்டு இடங்களிலும் ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா போடுங்கள். தயார் நிலையில் நின்று தொடங்காதீர்கள். நடந்து போகும்போது எப்படிப் பிடித்திருப்பீர்களோ அதிலிருந்தே தொடங்குங்கள், முதலில் மிக மெதுவாக. ஒவ்வொரு தடவையும் முழுச் சுற்றும் முடிய வேண்டும்: தூக்கு, தள்ளு, படி, இழு, விரலை வெளியே எடு, கன்னம் விலகும் முன் சேஃப்டியைப் பின்னே இழு, பிறகே தாழ்த்து. பெரும்பாலோர் முதல் பாதியை மட்டும் பழகுகிறார்கள். போட மறக்கும் கை அப்படித்தான் உருவாகிறது. ஒரு நாளைக்கு 20 தடவை, இரண்டு வாரம் செய்துவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். களிமண் தட்டுகளைச் சுடும் மைதானத்துக்குப் போகும் வழக்கம் உண்டென்றால், அங்கே பலரும் சேஃப்டியைத் தொடுவதே இல்லை, அந்தப் பழக்கம் உங்கள் கையோடு புதருக்குள் வந்துவிடும். மைதானத்திலும் கட்டை தாழ்ந்த நிலையில், சேஃப்டி போட்டபடி நின்று தட்டை எறியச் சொல்லுங்கள். தடிமனான கையுறை அணிபவர்கள் அதே கையுறையோடு பழக வேண்டும். கையுறையில் அந்தச் சிறு பொத்தான் விரலுக்குத் தட்டுப்படாமலே போகும்.

வேறு வகைத் துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பம்ப் ஆக்‌ஷனிலும் செமி ஆட்டோவிலும் சேஃப்டி தானாக விழாது. பம்ப்பில் முன்பிடியை இழுத்துத் தள்ளியதும், செமி ஆட்டோவில் சுட்டதுமே தானாக, அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறியிருக்கும், சேஃப்டி எடுத்தபடியே இருக்கும். பொத்தான் இருக்கும் இடமும் ஒன்றுபோல் இல்லை. ரெமிங்டன் 870-இல் டிரிக்கருக்குப் பின்னால் குறுக்குப் பொத்தான், வின்செஸ்டர் மாடல் 12-இல் டிரிக்கருக்கு முன்னால், மாஸ்பெர்க் 500-இல் மேலே, பின்பக்கம், கட்டைவிரலுக்கு. துப்பாக்கி மாற்றினால் முந்தைய பழக்கம் உதவாது, முதலிலிருந்து பழக வேண்டும். மேல்-கீழ் குழல் கொண்ட சிலவற்றில் எந்தக் குழல் முதலில் என்று தேர்வதும் இதே பொத்தானில்தான். அது நடுவில் நின்றுவிட்டால் முன்னே நகராது, மறதி என்று உங்களையே குறைசொல்லிக்கொள்வீர்கள். வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) தெரியும் பழைய இரட்டைக்குழல் என்றால், குழலைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்த பிறகே குதிரையை இறக்குங்கள். குளிரில் விறைத்த கட்டைவிரல் வழுக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சேஃப்டியை அளவுக்கு மேல் நம்பவும் வேண்டாம் என்கிறோம். 1875-இல் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற, சுடும் பொறி குழலுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கும் பாக்ஸ்லாக் அமைப்பும் அதன் வழிவந்தவையும் பெரும்பாலும் டிரிக்கரை மட்டுமே பூட்டுகின்றன. உள்ளே இருக்கும் சுத்தி அப்போதும் முறுக்கேறியே நிற்கிறது. அதைத் தாங்குவது சியர் என்ற சிறு கொக்கி, சுத்தியின் பள்ளத்தில் மாட்டியிருக்கும் மெல்லிய விளிம்பு. துப்பாக்கி கல்லில் விழுந்தால் அந்த விளிம்பு நழுவலாம், டிரிக்கர் அசையாமலே வெடிக்கலாம். சுடும் பொறியைப் பக்கத் தகடுகளில் பொருத்திய நல்ல சைட்லாக் துப்பாக்கிகளில் நழுவிய சுத்தியைப் பிடிக்க இரண்டாவது கொக்கி இருக்கும். உங்களுடையதில் உண்டா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். வேலி, கால்வாய், வழுக்கும் சரிவு, வண்டி, இன்னொருவர் கைக்கு மாற்றுவது என எங்கும் சேஃப்டி போட்டிருக்கிறேன் என்பது பதிலாகாது. குழலைத் திறந்து இரண்டு தோட்டாவையும் எடுங்கள். திறந்த துப்பாக்கி பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். சேஃப்டி உங்கள் கட்டைவிரலுக்கு மட்டுமே தெரியும். விழுந்து எழுந்தால் குழல்வாயில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்போடு சுட்டால் குழல் வெடித்துக் கிழியும்.

அடுத்த முறை வெளியே போகும் முன் உங்கள் துப்பாக்கியைச் சோதியுங்கள். காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, ஸ்னாப் கேப் போட்டு மூடுங்கள். சேஃப்டி பின்னால் இருக்க, இரண்டு டிரிக்கரையும் ஒவ்வொன்றாக அழுத்தி இழுங்கள், சத்தம் வரக் கூடாது. விரலை முழுதாக எடுத்துவிட்டு சேஃப்டியை முன்னே தள்ளுங்கள். இப்போது "கிளிக்" கேட்டால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வையுங்கள், பழுது பார்க்காமல் தொடாதீர்கள். டிரிக்கரை இழுத்தபோதே சியர் நகர்ந்து, சேஃப்டி மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். சத்தம் இல்லையென்றால் டிரிக்கர்களை இழுங்கள், இரண்டும் கிளிக் ஆக வேண்டும். பிறகு திறந்து மூடுங்கள், சேஃப்டி பின்னுக்கு வந்ததா? வரவில்லையென்றால் பழைய எண்ணெய் கெட்டியாகியிருக்கலாம், மண் புகுந்திருக்கலாம், அல்லது முன்பு வைத்திருந்தவர் தட்டு சுடுவதற்காகத் தண்டைக் கழற்றியிருக்கலாம். கடைசியாக, மூடி, சேஃப்டி போட்டு, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் ஓரளவு தட்டுங்கள். பின் சேஃப்டியை எடுத்து இழுங்கள். கிளிக் வராத பக்கத்தின் சுத்தி தட்டும்போதே விழுந்துவிட்டது. பொத்தான் உடையில் உரசினாலே முன்னே நழுவுகிறது என்றால் உள்ளே அதை நிறுத்தும் சிறு வில் தளர்ந்திருக்கிறது. அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த நண்பர் தாமும் சேஃப்டியை எடுத்துவிட்டுத்தான் நடக்கிறாரா என்று நேரில் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால், அவர் அதை மாற்றும்வரை அவரோடு ஒரே வரிசையில் நடக்காதீர்கள். பறவை எழுந்த பிறகு சேஃப்டியை எடுத்தும் நல்ல வேட்டைக்காரர்களுக்கு நேரம் போதுகிறது, ஏனென்றால் அது துப்பாக்கி தோளுக்கு வரும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.